செக்கிழுப்பது தேகப்பயிற்சி ஆகுமா?



சென்ற மாதம் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். விவசாயக் கூலிகளின் கூட்டம். கூட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நாலாவது படிக்கும் ஒரு சிறுமியிடம், "உங்களுக்கு விளையாட்டுப் பீரியடு உண்டா?" என்று கேட்டேன். "உண்டு மாமா. சுவத்துல ஒட்டியிருக்கிற அட்டவணையில இருக்கு. அந்த நேரத்துல கணக்குப் போடச் சொல்லுவாங்க" என்றாள்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "நம்ம பிள்ளைகளுக்கு அது எதுக்குத் தோழர்? விடிஞ்சா தண்ணி சுமக்கு. சாயந்தரம் ஆடு பத்துது. லீவு நாள்னா பருத்தி எடுக்கு. உடம்பு அசையாம உக்காந்திருக்கிற பணக்கார வீட்டுப் பிள்ளைக்குல்லா விளையாட்டு வேணும்!"

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபமில்லை. அது அவர் கண்டுபிடித்த வாதமல்ல. உழைக்கிறவன் பிள்ளை உழைப்பதற்கே பிறந்தது என்று மேலே இருக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த மந்திரம் அது. நம் வாயாலேயே அதைச் சொல்ல வைத்துவிட்டார்கள். அதனால்தான் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஓட்டப்பிடாரம் சொல்லும் பதில்

பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1872ல் இதே ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. வக்கீல் வீட்டுப் பிள்ளை. சடுகுடு, நீச்சல், சிலம்பம் என்று விளையாடித் திரிந்த தம் இளமையைச் சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த உடம்பைத்தான் 1908ல் வெள்ளைக்காரன் சிறையில் அடைத்தான். கோயமுத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினான்.

இப்போது சொல்லுங்கள். சிலம்பம் சுற்றிய கையும் செக்கிழுத்த கையும் ஒரே கைதான். இரண்டிலும் உடம்பு அசைந்தது. இரண்டிலும் வேர்வை கொட்டியது. செக்கிழுத்ததைத் தேகப்பயிற்சி என்று எவனாவது சொல்வானா? சொன்னால் அவனைச் சும்மா விடுவோமா?

அப்படியானால் நம் பிள்ளை தண்ணீர்க் குடம் சுமப்பதை மட்டும் பயிற்சி என்று ஏன் சொல்கிறோம்?

வேலை வேறு, விளையாட்டு வேறு. வேலையில் ஒரே இடுப்பு வளைகிறது, ஒரே தோள் பாரம் தாங்குகிறது, நாளெல்லாம் அதே அசைவு. வளரும் பிள்ளைக்கு எலும்பின் நுனிகள் இன்னும் முற்றாத குருத்தாக இருக்கின்றன. ஓயாத பாரம் அந்தக் குருத்தைக் கெடுக்கும். விளையாட்டிலோ பிள்ளை ஓடுகிறது, தாவுகிறது, எறிகிறது, பிடிக்கிறது, விழுந்து எழுகிறது. உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம், மேஸ்திரியின் அதட்டல் கிடையாது.

கடின வேலையே உடம்பை வளர்க்கும் என்றால் இந்த நாட்டிலேயே திடகாத்திரமான மனிதன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியாக அல்லவா இருக்க வேண்டும்? அவன் பாதத்தில் இருக்கும் புண்ணைப் பாருங்கள். வெள்ளை உப்பின் மீது அடிக்கும் வெயிலில் கூசிக் கூசிக் கெட்டுப்போன கண்ணைப் பாருங்கள். பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்த மில் தொழிலாளியின் மார்பில் காதை வைத்துக் கேளுங்கள். உழைப்பு உடம்பைத் தின்கிறது; வளர்க்கவில்லை.

மூன்று மணி நேரப் படிப்பு

1953ல் ராஜாஜி மந்திரிசபை என்ன செய்தது? கிராமத்து ஆரம்பப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறுக்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், சக்கிலியன் பிள்ளை செருப்புத் தைக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954ல் காமராஜ் முதன்மந்திரியானதும் அந்தத் திட்டம் குப்பைக்குப் போனது.

திட்டம் போய்விட்டது, அதன் எண்ணம் போய்விட்டதா? "ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்கும்போது அதே எண்ணம்தான் வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

சட்டத்தின் ஓட்டை

"சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது, பிரித்துப் படிப்போம்.

2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது கல்வி உரிமைச் சட்டம். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ற விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்கிறது. நல்லது. சொல்லிக் கொடுக்க ஆள்? அங்கேதான் கையை விரிக்கிறது. 6 முதல் 8 வகுப்பு வரையில், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவர். 1 முதல் 5 வகுப்பு வரை? ஒருவரும் இல்லை. 60 பிள்ளைகள் வரை இருந்தால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அந்த இரண்டு பேர் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பார்களா, பதிவேடு எழுதுவார்களா, பந்து விளையாட அழைத்துப் போவார்களா? அட்டவணையில் இருக்கும் விளையாட்டு மணியைக் கணக்கு விழுங்கினால் அந்த ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவரும் சுமை தூக்குகிறவர்தான்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காவது ஒழுங்காகச் செய்தார்களா? 2012ல் தமிழ்நாட்டில் தேகப்பயிற்சி, ஓவியம், தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய்! ஆசிரியருக்குக் கூலிக்காரன் சம்பளம்; பிள்ளைக்கு அரைகுறைப் பயிற்சி.

இரண்டு சாக்குகள்

முதல் சாக்கு: படிப்பு கெட்டுவிடும். கனடாவில் ட்ருவா ரிவியேர் என்ற ஊரில் 1970களில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் தேகப்பயிற்சி கொடுத்தார்கள். பாடநேரம் அந்த அளவுக்குக் குறைந்தது. மார்க்கு குறையவில்லை. ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைக்கு வருஷத்தில் 102 பாடவேளை உடற்கல்வி; இரண்டிலிருந்து நாலாம் வகுப்பு வரை 105. அதாவது வாரத்துக்கு மூன்று. அந்த நாட்டார் கணக்குத் தெரியாதவர்களா? 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிஷமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்கிறது.

இரண்டாவது சாக்கு: பணமில்லை. 2022ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடத்த 92 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்தது. நடத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேளாவுக்குப் பணம் உண்டு, ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு இல்லை என்பதுதான் கேள்வி. ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் தேகப்பயிற்சிக் கல்லூரி 1920லேயே தொடங்கிவிட்டது. நூறு வருஷமாகப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறோம்.

"திறமை இருந்தால் தானே மேலே வரும்" என்றும் சிலர் சொல்வார்கள். நம் மாவட்டத்து மணத்தி கணேசன் வரவில்லையா? சடுகுடுவில் அர்ஜுனா விருது வாங்கவில்லையா? வாங்கினார், 1995ல். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஒருவர் முள்வேலியைத் தாண்டிவிட்டார் என்பதற்காக வேலி இல்லை என்று ஆகிவிடுமா? நாம் கேட்பது பதக்கமும் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் நிமிர்ந்த முதுகு, நல்ல மூச்சு, பயமில்லாத கால்.

மைதானம் கற்றுத்தரும் பாடம்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சடுகுடுவில் தொடாமல் விளையாட முடியாது. ஊர்த் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே கட்சியில் கைகோத்து நின்றால்தான் எதிரியைப் பிடிக்கலாம். தீண்டாமை பாவம் என்று புத்தகத்தில் அச்சடித்ததைக் கால் மணி நேரத்தில் உடம்புக்குக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் மைதானம். பெண்பிள்ளைக்கும் அப்படியே. வீட்டில் தம்பியை இடுப்பில் சுமப்பவளுக்குத் தன் உடம்பு தனக்கே சொந்தம் என்று தெரியும் இடம் அதுதான். மணி அடித்து, ஆசிரியர் முன்னிலையில், எல்லோரையும் சேர்த்து விளையாட விட்டால்தான் இது நடக்கும். பிள்ளைகள் தாங்களாக விளையாடட்டும் என்று விட்டுவிட்டால் பெண்பிள்ளை சுவரோரம் நிற்பாள். ஜாதி தானாகக் கட்சி பிரிக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுவின் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் இடம் அல்ல அது. போய் உட்காருங்கள், கேளுங்கள்:

ஆரம்பப் பள்ளியில் தினம் ஒரு மணி விளையாட்டுக்கு! வேறு பாடம் அதைத் தொடக்கூடாது!

அக்கம்பக்கத்து ஆரம்பப் பள்ளிகளுக்குச் சேர்த்து முழுநேர உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்! முழுச் சம்பளம்!

மைதானத்தில் மண்டிய சீமைக்கருவேலை வெட்டு! ஆக்கிரமிப்பை அகற்று! நிழலும் குடிநீரும் கொடு!

மே முதல் நாள் கிராமசபை கூடுகிறது. அங்கே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. முன்னின்றார். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று வார விடுமுறை. "கூலிக்காரனுக்கு ஓய்வு எதற்கு?" என்றுதான் அன்று முதலாளி நினைத்தான். தொழிலாளிகள் ஒன்றுபட்டு நின்றார்கள். வாரத்தில் ஒரு நாளை வாங்கினார்கள்.

பாட்டன் வாரத்தில் ஒரு நாளை வாங்கினான். பேரப்பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரத்தை நாம் வாங்க முடியாதா?