நிறம் அல்ல, பாட்டு

ஐரோப்பாவின் வறண்ட புல்வெளிகளில் கார்த்திப்பஸ் பேரினத்தைச் சேர்ந்த புருன்னியஸ், பைகுட்டுலஸ், மோலிஸ் என்ற மூன்று சிறு வெட்டுக்கிளிகள் பல இடங்களில் ஒன்றாகவே வாழ்கின்றன. ஆண் பூச்சி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முயல்வது வீண். ஒரே இனத்துக்குள்ளேயே பழுப்பு, பச்சை, சாம்பல் எல்லாம் உண்டு. பைகுட்டுலஸ் ஆணின் முன்சிறகு விளிம்பு சற்று அகன்றிருப்பது ஓரளவு உதவும். பெண் பூச்சிகளிலோ தேர்ந்த கண்ணும் தடுமாறும். உறுதியான அடையாளம் ஒலிதான். பின்தொடையின் உட்புறத்தில் வரிசையாக உள்ள நுண்ணிய முளைகளை முன்சிறகின் நரம்பில் தேய்த்து ஆண் பூச்சி பாடுகிறது. புருன்னியஸ் ஒரு நொடிக்கும் குறைவான 'ஸ்ர்ட்' ஒலியைச் சிறு இடைவெளி விட்டு எழுப்பும். அருகிலிருக்கும் மற்றோர் ஆண் அந்த இடைவெளியில் பதில் கொடுக்கும். பைகுட்டுலஸின் பாட்டு சில நொடி நீளும் அதிர்வொலி. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென நிற்கும், பிறகு சற்றுக் குறுகிய நேரத்துக்கு மீண்டும் வரும். மோலிஸ் மெல்லிய 'டிக்' ஒலிகளில் தொடங்கி, அவற்றை மெல்ல வலுவாக்கி, நெடுநேரம் தொடரும். வெயில் ஏறினால் எல்லாப் பாட்டும் விரைவுபடும். ஆகவே ஒலிப்பதிவுடன் வெப்பநிலையையும் குறிப்பது அவசியம். ஆய்வகத்தில் இவ்வினங்கள் கலந்து இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. வெளியில் அது அரிதாகவே நிகழ்கிறது, பெண் தன் இனத்தின் பாட்டுக்கே பதில் தருவதால். இறந்த உடலையோ ஒற்றைப் புகைப்படத்தையோ மட்டும் பார்த்து இவற்றுக்குப் பெயரிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒலிப்பதிவு இல்லாத இடத்தில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதிவு.