நுனியில் மட்டும் வெள்ளை

பத்தே நிமிடமாம். இந்த வாரம் என் காதில் திரும்பத் திரும்ப விழுந்த பொய் இதுதான். 'வீட்டிலேயே பிரெஞ்ச் மெனிக்யூர், பத்தே நிமிடத்தில்' என்று செல்போனுக்குள்ளிருந்து ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொல்ல, உச்சிப்புளியில் எங்கள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் அவர் மகள் அரை நாளை அதற்குத் தாரை வார்த்தாள். மறுநாள் ராமநாதபுரத்தில் தோழிக்குக் கல்யாணம்.

செய்முறை என்னவோ எளிதுதான். பழைய பாலிஷை அசிட்டோனால் துடைக்க வேண்டும். நகத்தை ஒரே பக்கமாக அராவி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அடித்தோலை மெல்ல ஒதுக்க வேண்டும். பிறகு அடிப்பூச்சு, அதன்மேல் வெளிர் ரோஸ். அது நன்றாகக் காய்ந்ததும் நுனியில் மட்டும் பிறை போல வெள்ளை. கடைசியாகப் பளபளப்புக்கு ஒரு பூச்சு. வெள்ளை வளைவு பிசகாமல் வருவதற்கென்று அந்த வீடியோக்காரி ஒட்டி உரிக்கும் பட்டை வைத்திருந்தாள். உச்சிப்புளிக் கடைத்தெருவில் அதற்கு எங்கே போவது? அண்ணனின் கறுப்பு இன்சுலேஷன் டேப் வந்தது. உரித்தபோது ரோஸும் கூடவே வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தால் அரியமான் பக்கமிருந்து வரும் காற்று ஈர நகத்தில் மணல் தூவுகிறது. உள்ளே ஃபேனுக்கு அடியில் போனால் மேல்பூச்சு மட்டும் சட்டென்று இறுகி, அடியில் குமிழ் குமிழாக நிற்கிறது. இடது கை ஒருவழியாகத் தேறியது. வலது கைக்கு, "அத்தை, நீங்களே போட்டு விடுங்க" என்று என்னிடம் நீட்டினாள். "பள்ளிக்கூட ஒயிட்னர் பத்தாதா?" என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, இது பிறந்த கதை. 1975-இல் ஆர்லி என்ற நகச்சாய நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க் கையில்தான், ஹாலிவுட்டில், இந்த அலங்காரம் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. சினிமாவில் ஒரே நாளில் நாலு உடை மாற்றும் நடிகை, ஒவ்வோர் உடைக்கும் நகச்சாயத்தையும் மாற்றிக்கொண்டிருந்தால் படப்பிடிப்பு என்னாவது? எந்த உடைக்கும் ஒத்துப்போகிற ஒன்று வேண்டும் என்றார்கள். நகம் இயற்கையாக எப்படி இருக்குமோ அதையே கொஞ்சம் தூக்கலாக்கிக் கொடுத்தார். பாரிஸ் ஆடை அலங்கார மேடைகளில் அது எடுபட்ட பிறகுதான் பிரெஞ்சு ஆனது. ஆக, நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த சாமான் இது. அதற்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

எல்லாம் முடிந்து கையில் தடவ ஒரு கிரீம் எடுத்தாள். எனக்கு எதை எடுத்தாலும் பின்பக்கம் படிக்கும் வியாதி உண்டு. பொடி எழுத்தில் 'கராஜீனன்' என்றிருந்தது. அதற்குப் பிறகு நகம் எனக்கு மறந்தே போய்விட்டது.

கராஜீனன் கடல்பாசியிலிருந்து வருகிறது. கிரீமும் பற்பசையும் தண்ணியாக ஓடாமல் குழைவாக நிற்பதற்கு அதைச் சேர்க்கிறார்கள். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகிற வழியில் கரையோரம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்களே கப்பாஃபைகஸ், அந்தப் பாசியில் எடுப்பது இந்தக் கராஜீனன்தான். பெப்சி கம்பெனி இங்கே இந்த வளர்ப்பில் இறங்கியதால் ஊர் வாயில் அது இன்னமும் 'பெப்சி பாசி'. துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி விட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. கட்டுவது பெரும்பாலும் பெண்கள்.

அது வளர்ப்புப் பாசி. நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத கடலில், பாறையிலிருந்து கையால் பறிக்கிற பாசி. கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று ரகங்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். முங்கி, மூச்சை அடக்கி, பிய்த்து, இடுப்பு வலைப்பையில் திணிக்க வேண்டும். பாறை கத்தி மாதிரி இருக்கும். அதற்காகப் பழைய கைலியை நீளநீளமாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் தனித்தனியே சுற்றுகிறார்கள். ஒரு கையால் முடிச்சுப் போட முடியாதே, மறுமுனையைப் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள்.

பாம்பன் சின்னப்பாலத்தில் ஓர் அக்கா அந்தச் சுற்றை அவிழ்க்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். தண்ணீரில் ஊறி விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கட்டைவிரல் நகம் நெடுக்கே பிளந்திருந்தது. நகம் சதையை விட்டு வெளியே நீளும் இடத்தில்தான் வெள்ளை தெரியும். அவருக்கு நீளவே வாய்ப்பில்லை, சதையோடு தேய்ந்திருந்தது. ஆனாலும் நகத்தில் மருதாணிச் சிவப்பு இருந்தது. பாலிஷ் போட்டால் ஒரு முங்கலுக்குத் தாங்காது. மருதாணிச் சாயம் நகத்துக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உப்புத் தண்ணீராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகம் வளர வளர, அடியில் வெறுமையும் நுனியில் சிவப்புமாக நின்றது. அண்ணன் மகள் மத்தியானம் முழுக்கப் போராடிய அதே பிறை, வேறு நிறத்தில்.

அதே சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்குத்தான் 2015-இல் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. பாசியை வேரோடு அழிக்கக் கூடாது, மாதத்தில் 12 நாள் எடுத்தால் போதும் என்று பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதற்கான மரியாதை. 10,000 டாலர். வாங்குவதற்குக் கலிபோர்னியா வரை போய் வந்தார், ஜெஃப் பிங்க் வெள்ளை தீட்டிய அதே மாநிலத்துக்கு.

இப்படித் தேய்ந்த விரல்களைப் பற்றி இனி என் பழைய புலம்பல். முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்க வேண்டியிருக்கிறது. பாறையில் தேய்ந்த கை, நண்டு வலை பிரித்த கை, பனை ஓலை கிழித்த கை, எதுவுமே அந்த இயந்திரத்துக்குப் பிடிப்பதில்லை. "அழுத்தி வைங்கம்மா", "ஈரத்தைத் துடைச்சிட்டு வைங்க", "அடுத்த விரல்". பின்னால் வரிசை முணுமுணுக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி தலையில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு வைத்துப் பார்ப்பார், அதுவும் விழாது. ரேகைக்குப் பதிலாகக் கருவிழியைப் படிக்கும் கருவி வந்தால் தொல்லை தீரும் என்றார்கள். வந்த கடைகளில் தீர்ந்திருக்கலாம். ரேகை விழவில்லை என்று யாரையும் வெறும் பையோடு அனுப்பக் கூடாது என்பது அரசே சொன்னது. அந்த உத்தரவைக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒட்டும் வரை எழுதுவேன்.