பின்னால் நிற்பவரின் முகம்

2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபியை (ஆம், வைரஸ் தடுப்பு மென்பொருள்காரர்தான்) ஒரு படம் காட்டிக்கொடுத்தது. அவருடன் பயணித்த வைஸ் இதழ்க்காரர்கள் வெளியிட்ட ஐபோன் படத்துக்குள் ஜிபிஎஸ் எண்கள் அப்படியே இருந்தன. ஆள் குவாத்தமாலாவில் என்பது வெளியே வந்துவிட்டது.

எக்ஸிஃப் எனப்படும் இந்தக் குறிப்புகள் உங்கள் கைப்பேசிப் படங்களிலும் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடம் நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சேர்ந்தே போகும். கேமராவுக்கான இட அனுமதியை நிறுத்த அரை நிமிடம் போதும்.

என் கவலை வேறு. மே 18 நினைவேந்தலில் நீங்கள் எடுக்கும் செல்ஃபியில், பின்னால் நிற்கும் அக்காவின் முகமும் விழுகிறது. உங்களிடம் கனடா பாஸ்போர்ட் இருக்கலாம். அவருடைய அகதி விண்ணப்பம் இன்னும் முடியாமல் இருக்கலாம்; அம்மா அப்பா ஊரில் இருக்கலாம். அவரைக் கேட்டீர்களா? "பொது இடம்தானே" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. அவர் அஞ்சலி செலுத்த வந்தார், உங்கள் இன்ஸ்டாகிராமுக்கு வரவில்லை.

சிக்னல் செயலியில் 2020 முதல் முகங்களை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. எனக்குக் கறுப்புக் கட்டம்தான் பிடிக்கும்; மங்கலில் ஊகிக்க ஏதாவது மிஞ்சும். மறைத்தபின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையே போடுங்கள். முகத்தை மறைத்துவிட்டு ஆளை டேக் செய்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

நேரலையில் இதெல்லாம் முடியாது. கேமராவை மேடைப் பக்கமே வைத்திருங்கள்.