கோரமண்டலில் கடல் இல்லை

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும் பணியைக் கொடுத்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவன் கொண்டுவந்த கட்டுரையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. பத்திகள் அளவாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கிய நான் மூன்றாம் வரியில் திகைத்து நின்றேன். கோரமண்டலின் நீலக் கடலும், கட்டுமரங்களில் செல்லும் மீனவர்களும், பழைமையான துறைமுகங்களும் அக்கட்டுரையில் அழகாக வருணிக்கப்பட்டிருந்தன.

“தம்பி, நம் ஊரில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். “கைபேசியில் கேட்டேன் ஐயா. அதுதான் எழுதித் தந்தது. நான் பார்த்து எழுதினேன்” என்றான்.

வேறு ஊர்களில் இருந்து இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு எங்கள் கோரமண்டலை அறிமுகப்படுத்த வேண்டும். கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சிறிய நிலையம் இது. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கு இயங்கிய சுரங்கங்களுள் ஒன்று இப்பெயரைத் தாங்கியது. சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்து கிழக்குக் கடற்கரைக்குப் பெயராயிற்று என்பர். அக்கடற்கரையின் பெயர் எப்படியோ எங்கள் பாறை நிலத்திற்கும் வந்து சேர்ந்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மக்கள் மட்டும் இங்கேயே இருக்கிறோம். என் தந்தையும் சுரங்கத் தொழிலாளியே.

கைபேசி ஏன் கடலை எழுதியது? அதன்மேல் எனக்குச் சினம் இல்லை. உலகில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டவற்றைத் திரட்டியே அது விடை சொல்கிறது. கோரமண்டல் கடற்கரையைப் பற்றி நானூறு ஆண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். கோரமண்டல் நிலையத்தைப் பற்றியோ, அதன் அருகில் வரிசை வரிசையாக நிற்கும் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றியோ எழுதியவர் மிகச் சிலர். ஆகவே, அதிகம் எழுதப்பட்ட ஊர், குறைவாக எழுதப்பட்ட ஊரை விழுங்கிவிட்டது. இதில் வருந்துவதற்கு உரியது வேறொன்று. அம்மாணவன் தன் வீட்டு வாசலில் நின்றாலே சயனைடு மேடுகளைக் காணலாம். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் மலைபோல் குவிந்திருக்கிறது. அதைக் கண்ணால் கண்டுகொண்டே, காணாத கடலைப் பார்த்து எழுதியிருக்கிறான். தன் கண்ணைவிடக் கருவியை அவன் அதிகம் நம்பினான்.

இதைக் கொண்டு, வகுப்பறையில் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சும் ஊரன்று இது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரின் தெருக்களுக்கு அவ்வொளி எட்டியது 1905ஆம் ஆண்டில்தான். தலைநகருக்கு முன்பே நாங்கள் மின்சாரம் கண்டவர்கள் என்று எங்கள் ஊர் முதியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமைதான். ஆனால் அக்கம்பியை இழுத்தவர்கள், தொழிலாளியின் மகள் இரவில் பாடம் படிக்க வேண்டும் என்று இழுக்கவில்லை. பூமிக்கடியிலிருந்து தங்கத்தை விரைவாக மேலே கொண்டுவர இழுத்தார்கள். எந்தக் கருவி பள்ளிக்குள் வந்தாலும், இது யாருக்காக, எதற்காக வந்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இவ்வரலாற்றிலிருந்தே வந்தது.

தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் செய்திருக்கும் நன்மை பெரிது. உங்களில் பலருக்கு வாரத்தில் சில பாடவேளைகளே தமிழ் கிடைக்கிறது. பள்ளி நூலகத்தில் தமிழ் நூல்கள் ஓர் அலமாரியின் ஒரு தட்டைக்கூட நிரப்பாமல் இருக்கலாம். நான் மாணவனாக இருந்தபோது ஒரு நூல் வேண்டுமென்றால், சென்னைக்குச் செல்லும் உறவினரிடம் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பேன். இன்றோ, 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தில் சங்கப் பாடல்கள் முதல் இக்கால நூல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டெழுதி வைத்திருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அமைப்பின் மின்னூலகம், புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும் மனத்தில் கொண்டது. சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டில் எங்களுக்கு இப்படியொரு வாயில் திறந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கண்பார்வை குறைந்த மாணவி ஒருத்தி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறாள். ழகரத்தைச் சொல்லக் கூசும் மாணவன் தன் குரலைப் பதிவுசெய்து, யாரும் அறியாமல் பத்து முறை கேட்டுத் திருத்திக்கொள்கிறான்.

தமிழில் தட்டெழுதுவதையும் இங்கே சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். மகரம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக வந்து அமர்கிறது. ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்தாலும் அப்படியே. இன எழுத்து என்று நாம் இலக்கணத்தில் மனப்பாடம் செய்வதை இவ்விசைப்பலகை விரல்களுக்குக் கற்றுத்தருகிறது. ஆனால் என் மாணவர்களுள் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்துவதில்லை. ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறார்கள். கைபேசி சில தமிழ்ச் சொற்களை நீட்டுகிறது. முதலில் நிற்பதைத் தொட்டுவிடுகிறார்கள். லகரமும் ளகரமும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து அல்லவா? “நாளை பல்லிக்கு வரமாட்டேன் ஐயா” என்று எனக்குச் செய்தி வந்திருக்கிறது. பல்லிக்கு அவசியம் வரவேண்டியதில்லை, பள்ளிக்கு வந்தால் போதும் என்று விடை அனுப்பினேன்.

இவை சிரித்துத் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். சிரிக்க முடியாத குறை ஒன்றை 2020ஆம் ஆண்டில் கண்டேன். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையவழிக்கு மாறின. சுரங்கம் மூடியபின் எங்கள் ஊரார் பல்லாயிரவர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புபவர்கள். ஊரடங்கு தளர்ந்து தந்தை வேலைக்குச் செல்லத் தொடங்கியதும், வீட்டில் இருந்த ஒரே கைபேசியும் அவர் சட்டைப்பையில் ஏறிப் பெங்களூர் சென்றுவிட்டது. காலை வகுப்பு, இரவு ஒன்பது மணிக்குமேல்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. அப்போதும் மூவர் இருந்தால் அண்ணனுக்கே முதலிடம், தங்கை உறங்கிவிடுவாள். ஒரு மாணவி ஏழு மாதங்களில் என் குரலை நான்கு முறைதான் கேட்டதாகப் பின்னர் சொன்னாள். எங்கள் வருகைப் பதிவேட்டில் அவள் ‘இணைப்பில் இல்லை’. கருவி எல்லார்க்கும் பொது என்று பேசுவோர், அக்கருவி அவ்வீட்டில் யார் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதையும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

கருவி இருக்கும் வீட்டிலோ வேறு தொல்லை. அதை விளக்க எங்கள் சுரங்கத்தின் கதை ஒன்றே எனக்கு உதவும். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தைத் தாக்கும்போது எண்ணற்ற துகள்கள் மழைபோல் பொழிகின்றன. அவற்றுள் நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிச் செல்லும். மிக அரிதாகவே அகப்படும். தரையின்மேல் கருவியை வைத்தால் மற்றத் துகள்களின் இரைச்சலில் அதைக் கண்டறியவே முடியாது. ஆகவே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த அறிவியலாளரும் எங்கள் தங்கச் சுரங்கத்திற்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். மேலே இருந்த பாறை, வேண்டாத துகள்களைத் தடுத்துக்கொண்டது. 1965ஆம் ஆண்டில் அங்கே வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இடங்களுள் ஒன்று எங்கள் ஊர்.

மாணவர்களே, ஒரு செய்யுளின் பொருள் மனத்தில் பிடிபடும் நொடியும் அத்தகையதே. அது அரிதாக வரும். வரும்போது சுற்றிலும் அமைதி வேண்டும். அதே திரையில் பாடமும், விளையாட்டும், நண்பனின் செய்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தால் அந்நொடி வந்ததே தெரியாமல் போய்விடும். பெரியவர்களாகிய எங்களுக்கும் இதே கதிதான். ஆசிரியர் கூட்டத்தில் மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்ப்பவர்களை நான் அறிவேன், அவர்களுள் நானும் ஒருவன். வகுப்பறையின் சுவர் அப்பாறையின் வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும் இக்கவலையை எழுப்பியது. கணினிவழிக் கல்வியில் முன்னே சென்ற சுவீடன் நாடு, அதே ஆண்டில் அச்சுப் பாடநூல்களுக்கு மீண்டும் பணம் ஒதுக்கியது.

என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் இதை ஏற்பதில்லை. “இந்தப் பிள்ளைகள் நாளை பெங்களூரில் கணினி முன் அமரப் போகிறவர்கள். அவர்களைப் பாறைக்கு அடியில் பூட்டி வைப்பது நியாயமா?” என்று கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. எழுதித் தரும் கருவியை மறைத்து வைத்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் அதைக் கற்றுக்கொள்ளும். ஆகவே கருவியை வகுப்புக்குள் கொண்டுவருகிறேன். ஆனால் முறையை மாற்றிவிட்டேன். முதல் வரைவு கையால் எழுதப்பட வேண்டும். அதன்பின் வேண்டுமானால் கருவியைக் கேட்கலாம். அது சொன்னதில் எது தவறு என்று கண்டு சொல்பவர்க்கு அதிக மதிப்பெண்.

கடல் கட்டுரைக்குப் பிறகு அவ்வகுப்பிற்கு வேறொரு பணியும் கொடுத்தேன். தாத்தாவிடமோ பாட்டியிடமோ சுரங்கக் காலத்தைப் பற்றிக் கேட்டு, கைபேசியில் ஒலிப்பதிவு செய்துவர வேண்டும். கீழே இறங்கி வேலை செய்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் சொன்னாலன்றி அச்செய்திகள் எந்த இணையத்திலும் கிடைக்கமாட்டா. மாணவர்கள் பதிவுகளோடு வந்தனர். பேச்சை எழுத்தாக மாற்றும் செயலியிடம் அவற்றைக் கொடுத்தோம். எங்கள் முதியவர்கள் ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலச் சுரங்கச் சொற்களும் கலந்து பேசுபவர்கள். செயலி தடுமாறியது, பொருளற்ற சொற்களைக் கொட்டியது. வேறு வழியின்றிப் பிள்ளைகளே ஒவ்வொரு வரியையும் மூன்று முறை, நான்கு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் கையால் எழுதினர். ஒரு பருவத்தில் நான் கற்பித்ததைவிட அவ்விரண்டு வாரங்களில் அவர்கள் காது அதிகம் கற்றது.

கடல் கட்டுரை எழுதிய மாணவன் தன் தாத்தாவின் குரலைக் கொண்டுவந்திருந்தான். கூண்டில் இருட்டுக்குள் இறங்கியதையும், கீழே பாறை கையை வைக்க முடியாத அளவு சுட்டதையும் அவர் சொல்லிக்கொண்டே வருகிறார். இடையிடையே நீண்ட இருமல். பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களின் இருமல் அது. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் அடையாளம் தெரியும். “இருமலை மட்டும் வெட்டி எடுத்துவிடும் செயலி இருக்கிறது ஐயா, எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டான். சற்று நேரம் எனக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. “உன் தாத்தாவைக் கேள்” என்றேன். மறுநாள் வந்து, “இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்” என்றான்.

அவ்வாரமே ‘எங்கள் ஊர்’ கட்டுரையை மீண்டும் எழுதினான். இரண்டு பக்கம், கடல் இல்லை, சயனைடு மேடும், மாரிக்குப்பம் வண்டியின் ஊதலும், தாத்தாவும் இருந்தனர். பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தேன். தமிழ்99 விசைப்பலகையில் அதைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்டான்.

“தாராளமாக ஏற்று. ‘தாத்தா என் கையைப் பிடித்துப் பல்லிக்கு அழைத்துச் செல்வார்’ என்று இருக்கிறதே, அதை மட்டும் முதலில் திருத்திவிடு” என்றேன்.