றெக்கை இருக்கிறது, போவதற்கு வேறு மலை இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். இதை மட்டும் முழுக்கப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கருத்துச் சொன்னேன். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் சோலைக்காட்டு ஓரங்களில் கூட்டம் சேர்ப்பதை நிறுத்த வேண்டும், அந்த மாதங்களுக்கென்று தனியாகக் காவல் போட வேண்டும், அது பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம் என்றேன். ஒரு தம்பி பதில் போட்டான்: "அதுக்குத்தான் றெக்கை இருக்கே டீச்சர், வேற மலைக்குப் பறந்து போகட்டும். நமக்கு சீசனே இந்த மூணு மாசம்தான்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். தம்பியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பேச்சு அவன் ஒருவனுடையது அல்ல. டீக்கடையிலும் கேட்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்கிறேன். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் றெக்கை விஷயம்.

நம் சோலைகளில் சோலைக்கிளி என்று ஒரு பறவை இருக்கிறது. பெயரில்தான் கிளி. பார்க்கச் சிட்டுக்குருவி அளவுதான். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. மர நிழலில் தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். விடியற்காலையில் இது பாடுவதைக் கேட்டிருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. இதே இனத்தில் நீலகிரியில் ஒரு பறவை உண்டு. அதற்கு வயிற்றுப் பக்கம் செம்பழுப்பு. அது வேறு, இது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். நம் மினி பஸ் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் தூரத்தை அந்தப் பறவைகள் பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்கவில்லை. கடந்து கலந்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

2017இல் ஆய்வாளர்கள் இதன் மரபணுவைச் சோதித்து, இந்த இனக்குழுவுக்கு ஷோலிகோலா என்று புதுப்பெயர் வைத்தார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள். நம் 'சோலை' என்ற சொல் அப்படியே அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதே ஆய்வில்தான் நம் பழனிச் சிரிப்பானும் நீலகிரிச் சிரிப்பானும் அடங்கிய குழு உலகில் வேறெங்கும் இல்லாத தனிக்குழு என்றும் உறுதியானது. பழனிச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் இருக்கிறது. 1860களில் நம் மலையில் அவர் சேகரித்துக் கொடுத்த பறவைகளை வைத்துத்தான் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே வெளிநாட்டுக்காரர் கண்டு வியந்த பறவை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் 'ஏதோ ஒரு குருவி'.

இந்தப் பறவைகளுக்கு வேண்டியது குளிர், ஈரம், அடர்ந்த நிழல். மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலும் பழனியிலும் அடிக்கிற வெயில் இவற்றுக்குக் கடல் மாதிரி. நீந்திக் கரையேற முடியாத கடல். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் நம் மலைகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கிற என் மருமகன் கேட்டார், "தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் வேண்டாமா அத்தை?" என்று. தண்ணீர் வேண்டியதில்லை. உள்ளே இருப்பது வெளியே போய்ப் பிழைக்க முடியாது என்றால் அது தீவுதான்.

அந்தத் தீவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது. பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நாற்பது வருடத்தில் போய்விட்டது. சீகை, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் தின்றது போக மிச்சம்தான் இப்போது இருப்பது. 'வேற மலைக்குப் போகட்டும்' என்று சொல்கிற தம்பி, எந்த மலைக்கு என்று விலாசம் எழுதித் தரட்டும். நான் ஸ்டாம்பு ஒட்டித் தருகிறேன்.

அடுத்தது மாதக் கணக்கு.

சமவெளியில் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பறவைகள் கூடு கட்டுவது மழையை ஒட்டி. நம் மலையில் கோடையை ஒட்டி. ஈப்பிடிப்பான்களில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒன்று இருக்கிறதே, அது மார்ச்சில் தொடங்குகிறது. சிரிப்பானுக்கு ஏப்ரல், மே உச்சம். சோலைக்கிளி ஏப்ரலில் ஆரம்பித்துத் தென்மேற்கு மழை வலுப்பதற்குள் குஞ்சை இறக்கிவிடப் பார்க்கிறது. கூடு எங்கே என்று நினைக்கிறீர்கள்? மர உச்சியில் இல்லை. சோலைக்கிளி மரத்தின் அடிப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ, தரையிலிருந்து மூன்றடிக்குள் கட்டுகிறது. ஈப்பிடிப்பான் பெரணிப் புதரில், உங்கள் முழங்கால் உயரத்தில் கட்டுகிறது. பெரும்பாலும் இரண்டே முட்டை. இவ்வளவுதான் வருடத்துக்கு அதன் வரவு.

அதே ஏப்ரல், மேயில் நாம் என்ன செய்கிறோம்? பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, சீசன். சோலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துப் பாட்டு. தீ மூட்டிக் கோழி வாட்டுதல். புதருக்குள் புகுந்து செல்ஃபி. தலைக்கு மேலே டிரோன். ஜனவரிப் பனியில் கருகிய புல் மார்ச்சில் சருகாகக் கிடக்கும். அதில் ஒரு சிகரெட் துண்டு போதும்.

கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. தோட்டத்து ஓரப் புல்லுக்குத் தீ வைத்துவிட்டு 'தானா அணைஞ்சிரும்' என்று வீட்டுக்குப் போகிறவர்கள் நம் ஆட்கள்தான். வகுப்பில் கவட்டை வைத்திருந்தவன் காதைத் திருகியிருக்கிறேன். இன்று அவன் கையில் கவட்டை இல்லை, தீப்பெட்டி இருக்கிறது. கவட்டை ஒரு குருவியைக் கொல்லும். தீப்பெட்டி ஒரு சரிவையே கொல்லும்.

பறவை மீது பிரியம் உள்ளவர்கள் என்று வருகிற சிலர் செய்வது இன்னும் மோசம். பறவையின் பாட்டைக் கைபேசியில் ஓடவிட்டு, அது வெளியே வந்ததும் படம் எடுக்கிறார்கள். அந்தப் பறவைக்கு அது கைபேசி என்றா தெரியும்? தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று கூட்டை விட்டு ஓடி வருகிறது. வருகிற ஒவ்வொரு கேமராவுக்கும் ஒருமுறை ஓடி வந்தால் முட்டைக்குச் சூடு கொடுப்பது யார், குஞ்சுக்குப் பூச்சி பிடிப்பது யார்?

'நான் கொல்லவில்லையே, பார்க்கத்தானே போனேன்' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் வேட்டையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதும் குற்றம். 2013இலிருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். சட்டம் இருக்கிறது, சரணாலயம் இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

'அதான் இ-பாஸ் வந்தாச்சே' என்பார்கள். உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, நல்லது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள், அதுவும் நல்லது. ஆனால் இ-பாஸ் எண்ணுவது சக்கரங்களை. மலைக்குள் வந்த பிறகு அந்தச் சக்கரம் எந்தச் சோலை ஓரத்தில் போய் நிற்கிறது என்று யார் எண்ணுகிறார்கள்?

பேரிஜம் பக்கம் யானை நடமாட்டம் என்றால் வனத்துறை பாதையை மூடுகிறது. யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். ஆக, மூட முடியாது என்பதெல்லாம் பொய். மிதிக்கிற மிருகத்துக்கு மூடுவோம், எரிக்கிற நெருப்புக்கு மூடுவோம். எதிர்த்து ஒன்றும் செய்யமுடியாத குருவிக்கு மட்டும் 'றெக்கை இருக்கே' என்போம். பயந்தால்தான் மரியாதை என்பதையா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்?

உண்மையான கடல் தீவில் எப்படிக் காவல் காக்கிறார்கள் என்றும் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலில் ஃபார்ன் தீவுகள் என்று சின்னச் சின்னப் பாறைத் தீவுகள். 1925இலிருந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. வசந்தத்தில் அங்கே கடற்பறவைகள் கூடு வைக்க வரும்போது காவலர்களும் போய்த் தங்கிவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. கூடுகளை எண்ணுகிறார்கள், எழுதி வைக்கிறார்கள். படகில் வருகிறவர்களைக் குறித்த இடத்தில் இறக்கி, குறித்த பாதையில் மட்டும் நடக்கவிடுகிறார்கள். ஆலா என்கிற பறவை பாதையோரத் தரையிலேயே முட்டையிட்டுக்கொண்டு, வருகிறவர் தலையைக் கொத்துமாம். 'தொப்பி போட்டு வாருங்கள்' என்று மனிதனுக்குத்தான் சொல்கிறார்களே தவிர, பறவையைத் துரத்துவதில்லை. 2022இல் பறவைக் காய்ச்சல் பரவியதும் ஆட்களை இறக்குவதையே நிறுத்தினார்கள். 2024இல்தான் மறுபடி திறந்தார்கள். படகுக்காரர்களுக்கும் அது பிழைப்புதானே? நஷ்டம் இல்லாமலா இருந்திருக்கும்?

வெள்ளைக்காரன் கதை வேண்டாம் என்றால் சிவகங்கை மாவட்டத்துக்கு வாருங்கள். கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வருகிற பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல தலைமுறையாக இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு மத்தாப்பு ஆசை இல்லையா? ஒரு ஊரே காவல்காரனாக நிற்கிறது, சம்பளம் வாங்காமல். கண்மாய்க்கரை மக்களால் முடிந்தது மலை மக்களால் முடியாதா?

நம்மிடம் காவல் காக்கிறவர்கள் யார்? வேட்டைத் தடுப்புக் காவலர்களும், கோடைக்கு மட்டும் எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்களும். பளியர் வீட்டுப் பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். தீ வந்தால் பச்சைக் கொப்பை ஒடித்து அடிப்பது அவர்கள். காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்தால் நாம் போன் போடுவதும் அவர்களுக்குத்தான். தற்காலிக வேலை, நிரந்தரம் எப்போது என்று தெரியாது. கூடு எங்கே, எந்தச் சரிவில் எந்த மாதம் என்று ஒரு புத்தகமும் இல்லாமல் சொல்லக்கூடியவர்களை, மழை வந்ததும் 'போய் வா' என்று அனுப்பிவிடுகிறோம். ஒரு வாத்தியாரை ஜூனில் சேர்த்து ஏப்ரலில் அனுப்பினால் பள்ளிக்கூடம் நடக்குமா?

பிழைப்பைப் பற்றி எனக்குத் தெரியாதா? என் சொந்தத் தம்பி மகனே அறை வாடகைக்கு விடுகிறான். ஜீப் ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் என் மாணவர்கள். ஊரை மூடு என்று நான் சொல்லவில்லை. ஏரி இருக்கிறது, பூங்கா இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. சோலை ஓரத்தை மட்டும் மூன்று மாதம் விடுங்கள் என்கிறேன். குளிருக்கும் பச்சைக்கும்தானே காசு கொடுத்து வருகிறார்கள்? அந்தப் பச்சையை வைத்திருப்பது சோலை. பழம் தின்று கொட்டையைப் போட்டு அந்தச் சோலையை மறுபடி முளைக்க வைப்பதில் காட்டுப்புறாவுக்கும் சிரிப்பானுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது நான்கு.

ஒன்று: மார்ச் முதல் மே முடிய, குறித்த சோலை ஓரங்களில் வண்டி நிறுத்தமும் நடையும் தடை. எந்த இடம் என்பதைக் காவலர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

இரண்டு: காவலர்களுக்கு நிரந்தர வேலை. கூடு எண்ணி எழுதிவைப்பதும் அந்த வேலையில் சேரட்டும். கிராம சபையில் தீர்மானமாகப் போடுவோம், நான் எழுதித் தருகிறேன்.

மூன்று: விடுதி, ஜீப் வைத்திருக்கும் பிள்ளைகள் விருந்தாளியிடம் நீங்களே சொல்லுங்கள். பாட்டுப்பெட்டி இல்லை, வெளியில் தீ இல்லை, டிரோன் இல்லை, கைபேசியில் பறவைப் பாட்டு இல்லை. காசு கொடுத்தவர் கோபித்துக்கொண்டால் அனுப்பி வையுங்கள். வேறு விடுதிக்குப் போக அவருக்குக் கார் இருக்கிறது.

நான்கு: தோட்ட ஓரத்துக்குத் தீ வைக்காதீர்கள். வைக்கிறவர் மாமா, சித்தப்பா என்றாலும் சொல்லுங்கள்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளே, விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவீர்கள். வாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் குழந்தையை எழுப்பி வாசலில் உட்கார வையுங்கள். சோலைக்குள் போக வேண்டாம், சத்தம் வாசல் வரைக்கும் வரும். கேட்டுவிட்டு, குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் எனக்குப் பதில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பள்ளங்கி.