மாவு வழியட்டும், திட்டாதீர்கள்

விடுமுறை விட்டால் அபாகஸ், கீபோர்டு, நீச்சல் என்று பிள்ளைகளை எங்கெங்கோ அனுப்புகிற வீடுகளில்கூட, அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தால், "இங்கே உனக்கென்ன வேலை? போய்ப் படி" என்ற விரட்டல்தான் கிடைக்கும். பையன் என்றால் விரட்டல் இன்னும் வேகமாக வரும். அதே பையன் பதினெட்டு வயதில் வெளியூர் அறையில் ரசம் வைக்கத் தெரியாமல் அம்மாவுக்கு வீடியோ கால் போடுவான்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. வீட்டில் 3 டம்ளர் அரிசிதான் இருக்கிறது, உளுந்து எவ்வளவு? கணக்குப் புத்தகத்தில் விகிதம் என்றாலே விழிக்கிற பிள்ளை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும். முக்கால் டம்ளர் என்று அதுவே சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

அரைத்த மாவு ஏன் பொங்குகிறது? உளுந்தோடும் அரிசியோடும் வந்த கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் மாவில் பெருகி, கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மதுரைச் சித்திரை வெயிலில் சீக்கிரமே பொங்கிவிடும் மாவு, ஊட்டியின் மார்கழிக் குளிரில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். பாத்திரம் நிறைய ஊற்றி மூடிவைத்த பிள்ளை, காலையில் மேடையெல்லாம் மாவு வழிந்து நிற்பதைப் பார்க்கும். திட்ட வேண்டாம், துடைக்கத் துணியை மட்டும் கொடுங்கள். அடுத்த முறை பாதிப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் தாராளம் கூடாது. ஏழெட்டு வயதில் உளுந்து கழுவுவதும் கறிவேப்பிலை உருவுவதும் போதும். பத்துப் பன்னிரண்டு வயதில், பெரியவர் பக்கத்தில் நிற்க, தாளிக்கலாம். நைலான் உடையும் தொங்கும் துப்பட்டாவும் ஆகாது. வாணலியின் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூட வேண்டும். கரண்டியைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஈடு கல்லு மாதிரி வரலாம். "அம்மா செஞ்சா இப்படியா இருக்கும்?" என்று அப்பா ஆரம்பித்தால், பிள்ளை மறுபடி அடுக்களைக்கு வராது. ஆறியதும் உதிர்த்து, கடுகும் மிளகாயும் தாளித்துப் போட்டால் இட்லி உப்புமா. அதையும் அந்தப் பிள்ளையே கிளறட்டும். அப்பா வெங்காயம் நறுக்கித் தரலாம்.