குருபூசையும் குலப்பெருமையும்

இறைவனே மானுடச் சட்டை தாங்கிக் குருவாக எழுந்தருளுகின்றான் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இக்கொள்கையில் யாழ்ப்பாணத்துச் சைவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். குருபூசை நாள் தவறுவதில்லை, பாதுகைக்குப் பூச்சொரிவர், அன்னதானம் குறைவற நடைபெறும். இதனை அடிமைப் புத்தி என்று எள்ளும் பகுத்தறிவாளர் சிலர் உளர். அவர்தம் வாதம் குறி தவறியது. இங்குள்ள குருபத்தியின் குறை அது மிகுந்து போனமையன்று. அடியவனிடமிருந்து அது யாதொன்றையும் கேளாமையே.

மரபு கேட்டதோ பெரிது. மெய்கண்டார் குடும்பத்தின் குலகுரு சகலாகம பண்டிதர். தம் மாணவர் வேளாளச் சிறுவர் ஒருவரிடம் பாடங் கேட்கச் சென்றமை பொறாது திருவெண்ணெய்நல்லூர் வந்த அவர், ஆணவமலத்தின் இயல்பு யாதென வினவினார். சிறுவர் வாய் திறந்திலர். வினவியவர் நின்ற நிலையையே நோக்கினார். பண்டிதர் அடியில் வீழ்ந்து அருணந்தியாயினார். மெய்கண்டார் வேளாளர் ஆதலின் இக்கதை யாழ்ப்பாணத்திற் பெருமிதத்துடன் சொல்லப்படும்; தலை தாழ்த்தியவர் உயர்குலத்தவர் என்பது மட்டும் மறக்கப்படும்.

உமாபதி சிவாசாரியர் வரலாற்றில் அவ்வசதியும் இல்லை. பல்லக்கிற் சென்ற தில்லைவாழந்தணர் அவர். நெசவாளர் வார்த்த கூழ் மறைஞானசம்பந்தரின் கையிலிருந்து ஒழுக, அதனை ஏந்திப் பருகினார். குலத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். இவற்றை எழுத்துக்கு எழுத்து நம்பவேண்டுவதில்லை. சைவர் தலைமுறை தலைமுறையாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதைகள் இவை என்பதே கருதத்தக்கது. குருவைப் பெற்றவன் குலத்தை இழந்தான்.

யாழ்ப்பாணத்துக்கும் இது புதிதன்று. நல்லூர்த் தேரடியிலிருந்த செல்லப்பா சுவாமியை ஊரார் விசரன் என்றனர். இரணைமடு நீர்ப்பாசன வேலையிற் களஞ்சியக் காப்பாளராயிருந்த யோகர், அந்த 'விசரனை' நாடி உத்தியோகத்தைத் துறந்தார். பின்னர்க் கொழும்புத்துறைக் குடிலுக்குத் தம்மைத் தேடி வந்தோரைத் தாமும் பலகால் ஏசித் துரத்தினார். இன்று படத்துக்கு மாலையிடுதல் எளிது. படம் ஏசாது.

யோகர் சுவாமி 1872இற் பிறந்த ஊர் மாவிட்டபுரம், மறைந்தது 1964இல். நான்கே ஆண்டுகள் கழிய, 1968இல், அவ்வூர்க் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்டோர் உட்சென்று வழிபடும் உரிமை வேண்டி நின்றனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆயினும் கதவு திறக்கவில்லை. மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. சுந்தரலிங்கம். கல்வி அகந்தையை அகற்றும் என்று நம்பியிருக்கும் பல்கலைக்கழகத்தார் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கதவடைத்தவர் வேறு, குருவை வணங்குவோர் வேறு என்று சமாதானம் கூறுவாருமுளர். இருக்கலாம். ஆயின், பாதுகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை, தன் வளவுக் கிணற்றில் எவரெவர் தண்ணீர் அள்ளலாம் என்று வகுத்த கையும் அன்றோ? பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுமிடத்து முன்னிற்பது குருவின் சொல்லா, குலத்தின் சொல்லா?

உமாபதி சிவாசாரியரின் மடத்துக்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பான் புலையர். அவருக்குச் சிவாசாரியரே தீக்கை செய்து முத்தியடைவித்தார் என்று சைவநூல் கற்போர் அனைவரும் பாடங் கேட்கின்றனர். குருபூசை மேடைகளில் உமாபதியின் பெயர் ஓங்கி ஒலிக்கின்றது. சாம்பான் பெயரை அங்கே கேட்டல் அரிது.